வெய்யில்ல வெச்ச டயரு

யாரும்மா ஒங்கிட்ட சொன்னது, டயர் கடைல நா சண்ட போட்டேன்னு? முக்கு ஊட்டுக்காரி தான? அவ அங்க நின்னுகினு பாத்தா மாரி பேசுவா. சண்டயும் இல்ல ஒன்னும் இல்ல, அந்த கடக்காரன் எனக்கு டீ வாங்கி குட்தான். ஒக்காரு, நா சொல்றேன். எம்புள்ள உள்ள தூங்கறான், மெதுவா பேசுவோம்.

ஆடி மாசத்து மயைல அவன் பிக்கப்பு வண்டி எறா குட்டைல மாட்டிகினது ஒனக்கு தெரியும்ல. ஆரம்பாக்கத்துக்கு அந்தாண்ட, குட்டைய சுத்தி வெறும் களிமண்ணு கரை. காஞ்சா ரோடு மாரி கீது, நனைஞ்சா வெண்ணெ. டயரு நாலும் மொட்ட. லோடு ஏத்திகினு வர சொல்ல வண்டி சைடு வாங்கி நின்னுடுச்சி. டிராக்டரு வந்து இயுத்து வெளிய உடறதுக்குள்ள பொட்டில ஐசு அல்லாம் தண்ணியாயி, பாதி எறா வீணு.

குட்டக்காரரு ஆந்திரா பக்கத்து ஆளு. கத்தல, திட்டல. "நைனா, இன்னும் ஒரு தபா பாக்கறேன். மறுபடி மாட்டுச்சின்னா வேற வண்டி வெச்சிக்கறேன்"னுட்டாரு. அந்த எறா லோடு தான் எங்க பொயப்பே. அது போச்சின்னா வண்டிய வித்துட்டு எம்புள்ள மறுபடி சிப்காட்டு கேட்டாண்ட போயி காண்ட்ராக்ட் வேலைக்கு நிக்கணும். ரெண்டு வாரம் அவன் செரியா சோறு துன்னல. அடுத்த குட்டைல ஆவணில எறா புடிப்பாங்க, அதுக்குள்ள டயரு மாத்தியாவணும்.

அப்பறம் ஒரு நாளு நாஷ்டா துன்னுகினே கேக்கறான். நீ டயர் கம்பெனில வேல செஞ்சவ தானம்மா, கூட வாயேன், பாத்து எடுக்கலாம்னான். எனக்கு காலு தரைல பாவல. அத்தினி வருசம் அந்த கம்பெனிக்கு போனேன், அத்த பத்தி ஊட்ல ஒருத்தரு ஒரு வார்த்த கேட்டதில்ல. நல்ல பொடவையா ஒன்னு எடுத்து கட்டிகினு, முன்னாடி சீட்ல ஏறி ஒக்காந்துட்டேன்.

கம்பெனின்னா புது டயரு செய்யற எடம் இல்லம்மா. லாரிக்காரங்க ஓட்டி ஓட்டி மொட்டையாக்கின டயர அனுப்புவாங்க. ஆம்பளைங்க மிசின்ல வெச்சி மேல் தோல சீவுவாங்க. நாங்க பத்து பொம்பளைங்க. தூசி தட்டி, ஓட்டைய அடைச்சி, கருப்பா ஒரு சொலூசன் தடவி, புது ரப்பர் பட்டைய சுத்தி குடுப்போம். அப்பறம் அத்த வேக வெப்பாங்க. ஆமா, வேக வெக்கறதுன்னு தான் சொல்றது, இட்லி மாரியே தான். வெந்து வந்தத எங்க மேஸ்திரியம்மா கட்ட வெரலு நகத்த வெச்சி ஒரு அயுத்து அயுத்தும். நகம் பதிஞ்சா வேகல, திரும்ப உள்ள போவணும். பதியலன்னா லாரில ஏறலாம். ரெண்டே மாசத்துல அந்த அயுத்தற வேல எனக்கு வந்துடுச்சி. அதுக்கு முன்னாடி நடவுக்கு போய்க்கினு இருந்தவ நானு. என் நகம் பாத்து ஒரு டயரு லாரி ஏறுதுன்னா எப்டி இருக்கும் சொல்லு.

மத்தியானம் பழைய டயருங்க அடுக்கி வெச்ச நெயல்ல ஒக்காந்து பத்து பேரும் சோத்த தொறப்போம். ஒருத்தி கருவாட்டு கொயம்பு, ஒருத்தி வெறும் ஊறுகா, அல்லாத்துலயும் ரப்பர் வாசன தான். தலைக்கு எத்தினி சீயக்கா போட்டாலும் போவாது. எங்க ஊட்டுக்காரரு, நா தெரு திரும்பறப்பவே வாசன வந்துடுச்சின்னு சொல்லி எந்திரிச்சி டீ வெப்பாரு. அவருக்கு தெரிஞ்ச சமையலு அது ஒன்னு தான். ஊட்டுக்குள்ள கால வெச்சா கிளாசு கைல. இப்ப அவரும் இல்ல, கம்பெனியும் மூடி குடோன் ஆக்கிட்டாங்க. அந்த பத்து பேருல ரெண்டு பேர தான் எப்பனா பஸ்ல பாக்கறேன். பாத்தா மொதல்ல நகத்த தான் காட்டிக்குவோம்.

இன்னா சொல்ல வந்தேன்? ஆங், கட. ஜிஎன்டி ரோட்டு மேல கீது. உள்ள எடம் பத்தாதுன்னு பாதி டயர வெளிய அடுக்கி வெச்சிருந்தான். ராத்திரி பேஞ்ச மயைக்கு ஈடா பகல்ல வெய்யிலு மண்டைய பொளக்குது. கடக்காரன் சின்ன வயசு, வாயி ஜாஸ்தி. மூனு வகை காட்டினான். ஒன்னு லைன் டயரு, வெறும் கோடு கோடா இருக்கும். ஹைவேல அலுங்காம ஓடும், டீசலும் கம்மியா குடிக்கும், ஆனா களிமண்ணுல வயுக்கும். இன்னொன்னு முயு பட்டன் டயரு, துண்டு துண்டா வெல்லக்கட்டி அளவு. சேத்துல நல்லா ஏறும், ரோட்டுல ஓன்னு கத்திகினே வரும், சீக்கிரம் தேஞ்சிடும். மூனாவது ரெண்டுக்கும் நடுவுல. நடுவுல பட்டன் நெருக்கமா, ஓரத்துல அகல அகலமா பள்ளம். ஆல் டெரெயின்னு சொன்னான், ரோடும் போவலாம் கரையும் ஏறலாமாம். எம்புள்ளைக்கு பாதி நாளு ஹைவே, பாதி நாளு குட்ட. இத்த எடுங்கன்னு சொல்லி, டயர் மேல எயுதி கீறத வெரலு வெச்சி படிச்சி காட்டினான்.

"எயுத்து எனக்கு தெரியாதுப்பா, ரப்பர் தெரியும்"னு சொல்லிட்டு நகத்த வெச்சேன். பொசுக்குன்னு எறங்கிச்சி.

நா சொன்னேன், இது வேகாத ரப்பரு, வேணாம்னு. அவன் சிரிச்சான், பாட்டி இது புது டயரு, இட்லி இல்லன்னான். எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சி. உள்ள ஃபேனுக்கு கீய அடுக்கி வெச்சிருந்த லைன் டயர போயி அயுத்தினேன், கல்லு மாரி கீது. இத்த எடுன்னேன். வேகாத டயரு தோலு உரிஞ்சி திரும்பி வந்தத நா எத்தினி பாத்திருக்கேன். எம்புள்ள என்ன பாக்கறான், கடக்காரன பாக்கறான். அவனுக்கு மனசு அந்த நடு டயர்ல தான். ஆனா பெத்தவ சொல்லிட்டாளே. சரி, அம்மா சொன்னதையே போடுன்னுட்டான். வண்டிக்கு ஜாக்கி குட்து, பின்னாடி சக்கரம் ரெண்டயும் கயட்டி, ஒரு ரிம்முல லைன் டயர ஏத்திட்டாங்க.

எனக்கு காலு வலிச்சிது. வெளிய நா வேணாம்னு சொன்ன டயரு மேலயே போயி ஒக்காந்தேன். ஒக்காந்த வேகத்துல எந்திரிச்சிட்டேன், அம்மாடி, தோச கல்லு. தீஞ்ச எடத்த தேச்சிகினு நிக்கறேன், அப்ப தான் எங்க மேஸ்திரியம்மா நெனப்பு வந்துச்சி. சூட்டுல அயுத்தினா அல்லாமே வேகாத மாரி தான்டி தெரியும், ஆறட்டும், பொறு. தெனம் இத்த சொல்லி சொல்லி எங்கள அடக்கும். நகம் வெக்கறத ஞாபகம் வெச்சிருந்தேன், ஆற உடறத மறந்துட்டேன். வெய்யில்ல வெந்துகினு கீற டயரயும் ஃபேனுக்கு கீய கீற டயரயும் ஒன்னா அயுத்தி நாயம் சொல்லிட்டேன்.

வாய தொறக்கவே வெக்கம். கடக்காரன் வேற சிரிப்பான். ஆனா அந்த லைன் டயரோட எம்புள்ள கரைல எறங்கினா கதி இன்னா? புள்ளயாண்ட போயி சொன்னேன், "நா சொன்னது தப்புடா நைனா. சக்கரத்த மாட்டாத."

அவன் கோவிச்சிக்கல. ஏன்னு மட்டும் கேட்டான், சொன்னேன். நடு டயர்ல ஒன்ன உள்ள உருட்டி வந்து ஃபேனுக்கு கீய போட்டு, ரெண்டு மக்கு தண்ணி ஊத்த சொன்னேன். கடக்காரன் ஏத்தினத எறக்கணும்னு மொணமொணன்னு பேசிகினு இருந்தான். ஆறட்டும்னு நிக்க சொல்ல தான் டீ வந்துச்சி. எந்த கம்பெனில இருந்தீங்க பாட்டின்னு கேட்டான், டயரு நெயல்ல சோறு துன்னது வரைக்கும் அல்லாத்தயும் சொன்னேன். டீ முடிச்சி நகத்த வெச்சேன். பதியல. அவனும் தன் நகத்த வெச்சி பாத்தான். ஓரத்து பள்ளத்துல என் வெரலு முயுசா போச்சி, களிமண்ணு தங்காம கக்கிடும்னு எனக்கே தோணிச்சி. நாலயும் அதயே போட்டோம்.

முந்தாநாளு புடிச்ச மய நேத்து பூரா உடல பாரு, இன்னிக்கி விடிகாலைல தான் குட்டைல லோடு. அவன் கெளம்பி போனதுலேந்து எனக்கு வயித்துல ஒன்னும் எறங்கல. இப்ப கொஞ்சம் முன்னாடி தான் வந்தான். கரைல ஒரு எடத்துல பின்னாடி கொஞ்சம் நெளிஞ்சிதாம், அப்பறம் புடிச்சிகினு தானே ஏறி வந்துச்சாம். அவனுக்கு பின்னாடி வந்த வேற ஒரு வண்டி நின்னுடுச்சி. குட்டக்காரரு அந்த வண்டி பொட்டியயும் இதுலயே மாத்தி ஏத்திட்டு, இனிமே ரெண்டு குட்டைக்கும் நீயே வந்துடுன்னு சொன்னாராம். வந்தவன் நாலு இட்லி கேட்டு துன்னுட்டு படுத்தான், அட்ச்சி போட்டா மாரி தூங்கறான்.

வண்டிய பாத்தியா, கதவு வரைக்கும் சேறு. பட்டன் சந்துல பூரா களிமண்ணு அடச்சிகினு கீது, கக்கிடும்னு சொன்னேன், கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்குது. வெய்யிலு ஏறுது, காஞ்சிச்சின்னா உளி வெச்சி தான் ஒடைக்கணும். அந்த தொடப்பக்குச்சிய இப்டி குடு, தண்ணி நிக்கறதுக்குள்ள பைப்ப தொறக்கறேன். நவுரு, ஒம் பொடவைல தெறிக்கும்.