கங்கையம்மன் வேம்பும் வேர்ப்புழுவும்

என் வேர்க்கடலையைத் தின்ற வேர்ப்புழுவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். புழுவின் மேல் அல்ல.

கோடையின் முதல் நல்ல மழை பெய்ததும், பொழுது சாயும் வேளையில் பழுப்பு வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பும். நேராக வேப்ப மரத்துக்குப் போகும். இலையைத் தின்று, ஜோடி சேர்ந்து, விடிவதற்குள் மானாவாரிக் கொல்லைக்குத் திரும்பி மண்ணில் முட்டையிடும். அதிலிருந்து வரும் வெள்ளைப் புழுதான் கடலைச் செடியின் வேரை அறுப்பது. ஊரே சேர்ந்து ஒரே சமயத்தில் மரங்களை உலுக்கி, விழுகிற வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட வேண்டும். "அந்தரூ ஒகேசாரி செய்யாலி", எல்லாரும் ஒரே நேரத்தில் செய்யணும் என்று திருப்பதியிலிருந்து வந்த விவசாய அதிகாரி தெலுங்கில் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். ஒரு மரத்தை விட்டாலும் பட்ட பாடு வீண்.

நாங்கள் செய்தோம். நானும் வீட்டுக்காரரும் பழைய தார்ப்பாயை விரித்து, துரட்டியால் உலுக்கி, வாளி வாளியாக அள்ளினோம். அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்களும் அவரவர் மரத்தை உலுக்கினார்கள். விட்டது ஒரே ஒரு மரம்தான். என் கொல்லையை ஒட்டிய கங்கையம்மன் கோயில் வேம்பு, ஊரிலேயே பெரியது. அம்மன் திருவிழாவான ஜாத்திரைக்குக் காப்புக் கட்டியிருந்ததால் யாரும் அதை உலுக்கத் துணியவில்லை.

கோயில் பூசாரி என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை. அவருடைய கடலைக் கொல்லையும் எங்களுக்கு அடுத்ததுதான். நேரே போய்க் கேட்டேன்.

"காப்பு கட்டிக்கினு அம்மன் மரத்த உலுக்குவாங்களாம்மா? ஜாத்திர முடியட்டும்."

"அதுக்குள்ள முட்ட வெச்சிடும் மாமா. அந்தக் கடலைய நம்பித்தான் நாங்க கீறோம்."

"ஆத்தா பாத்துப்பா, போ."

வேண்டுதல்காரர்கள் உடம்பில் கட்டிக்கொள்ள அதே மரத்தில் ஏறிக் கிளை கிளையாக வேப்பிலை ஒடித்தார்கள். ஒடித்தால் தப்பில்லையாம், உலுக்கினால்தான் தப்பாம். ஒடித்த இலையெல்லாம் வண்டு தின்ற சல்லடை. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நானும் பொங்கல் வைத்தேன். வைக்காமல் அந்த ஊரில் இருந்துவிட முடியுமா?

ஜாத்திரை முடிந்து உலுக்கியபோது நாலைந்து வண்டுகள் விழுந்தன. மற்றவை வந்த வேலையை முடித்துவிட்டிருந்தன.

கடலை பூவெடுத்து விழுது இறங்கும் நேரத்தில் திட்டுத் திட்டாக வாடியது. பிடித்து இழுத்தால் செடி கையோடு வந்தது, வேரைக் காணோம். மண்ணைக் கிளறினால் கொழுகொழுவென்று புழு சுருண்டு கிடந்தது. மருந்து ஊற்றினோம். புழு பெருத்த பிறகு மருந்து என்ன செய்யும்? வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

கடைசியில், கொள்ளாவது விதைக்கலாம் என்று டிராக்டர் வைத்து உழுதோம். பூசாரி வந்து வரப்பில் நின்றார்.

"அடுத்த வருசம் காப்புக்கு முன்னாடியே உலுக்கிடலாம்மா."

"மழ நம்ம காப்பக் கேட்டுக்கினா வருது மாமா?"

அவர் டிராக்டர்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டு, "இது முடிஞ்சதும் அப்டியே நம்ம கொல்லைக்கும் வந்துடுப்பா" என்றார்.