பேட்ஜ் ஊசி

வசம்பு கருகும் வாசனை எங்கிருந்து வந்தாலும் என் கைகள் தாமாக முதுகுக்குப் பின்னால் போய்விடுகின்றன. பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்தால், நான் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

பாடாலூரில், லாரிகள் ஓயாத சாலையோரம் மாமனாரின் பஞ்சர் கடை. பின்னால் வீடு. அங்கே என் மகள் பிறந்து இருபது நாளாகியிருந்தது. எண்பதுகளின் நடுவில் அது. பட்டாளத்தில் ஜெனரேட்டர் பார்த்த கையோடு கடலோர அணுமின் நிலையத்தில் சேர்ந்து எட்டு மாதம். அவளை ஒருமுறை தூக்க வேண்டும். அதற்காகத்தான் மூன்று பஸ் மாறி வந்தேன்.

ஒரு தப்பு செய்தேன். நிலையத்தில் ஆளுக்கொரு பேட்ஜ், சட்டையில் ஊசியால் குத்திக்கொள்வது. உள்ளே சின்ன பிலிம். மாதம் ஒருமுறை அதைக் கழுவிப் பார்த்து, உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பார்கள். வேலை முடிந்ததும் வாசல் பலகையில் மாட்டிவிட்டு வர வேண்டும். பட்டாளத்திலோ கழுத்தில் தொங்கும் அடையாளத் தகட்டைக் குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டோம். பதினைந்து வருடப் பழக்கம். பேட்ஜ் சட்டையோடு பாடாலூர் வந்துவிட்டது.

"என்ன மாப்ள, புது மெடலா?" என்றார் மாமனார், டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி.

உள்ளது உள்ளபடி சொன்னேன். டியூபை விட்டுவிட்டு மாமனார் நிமிர்ந்தார்.

"அப்ப ஒட்டிக்கிட்டு வர்ற சங்கதியா?"

"இல்லீங்க மாமா. சோதிச்சுத்தான் வெளிய விடுவாங்க."

"ஒண்ணுமில்லன்னா எதுக்குய்யா சோதிக்கிறான்?"

மச்சினன் சிரித்தான். "மச்சான், இருட்டுல மின்னுவீங்களா? அக்கா வூட்டுக்குக் கரண்டே வேணாம்."

கொல்லையில் மூன்று முறை குளிக்க வைத்தார்கள். சட்டையைத் தூரத்து வேலியில் போட்டார்கள். மற்றவர்களுக்குத் தட்டு, எனக்குத் தையல் இலை. சாப்பிட்ட இலையை மாமியார் குச்சியால் தள்ளிக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டே கை கழுவினேன்.

வாசற்படியில் நிற்கச் சொன்னார்கள். உள்ளே வசம்பு சுட்ட வாசனை, புடவைத் தொட்டில். வெளியே நீட்டிய ஒரு பிடி கை, மணிக்கட்டில் வசம்புக் காப்பு. அருகே என் மனைவி. எல்லையில் குண்டு விழுதாமே, உயிரோடு வாங்க என்று கடிதம் கடிதமாக எழுதியவள். அவளுக்காகத்தான் பட்டாளத்தை விட்டேன்.

"அங்கயே நின்னு பாருங்க," என்றாள்.

வேலிக்கு ஓடி பேட்ஜைப் பிடுங்கி வந்தேன். படியைத் தாண்டினேன். தொட்டில் துணியில், பிள்ளையின் தலைமாட்டில் குத்தினேன்.

"கெடக்கட்டும் ஒரு மாசம். இந்த வூட்ல யாருகிட்ட விஷம்னு கழுவிப் பாத்துருவோம்!"

ஊசி துணியைத் தாண்டிவிட்டது. பிள்ளை வீறிட்டது. காது மடலில் மிளகளவு ரத்தம். என் கை முதன்முதலாக என் மகளைத் தொட்டது அப்படித்தான்.

யாரும் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

சாலையோரம் நின்றேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் மனைவி கடைவாசல் வரை வந்தாள். கந்தல் துணியில் சுற்றிய பேட்ஜை என் காலடியில் எறிந்தாள். கண்ணில் ஈரமில்லை.

"பெரியவளாயி கேட்டா, அப்பா பட்டாளத்துலயே செத்துட்டாருன்னு சொல்லிக்கிறேன். பஸ் வருது, ஏறுங்க."