கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

"அங்கே இன்னும் மழையா?" என்று ஜெர்மனியிலிருந்து யோனாஸ் கேட்காத நாளில்லை. ஆரணிக்கு வந்த புதிதில் வீடியோ கூட்டங்களில் எல்லாரும் என்னிடம் மழையைப் பற்றியே விசாரித்தார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். அடுத்த வீட்டில் நான்கு பவர்லூம்கள். அவை ஓட ஆரம்பித்தால், அந்தச் சத்தம் என் மைக் வழியாக ஜெர்மனிக்குப் போய்ச் சேரும்போது தகரக் கூரையில் கொட்டும் அடைமழையாகிவிடுகிறது. பட்டுச்சேலை, தறி, மோட்டார் என்று இரண்டு முறை விளக்கினேன். "ஓ, அருமை" என்றார் யோனாஸ். மறுநாள் "மழை விட்டதா?" என்றார். அதற்குப் பிறகு நானும் "இன்று தூறல்தான்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள் நான். பாதி நாட்கள் மாலையில் நிஜமாகவே மழை கொட்டும் ஊர் அது. அங்கிருந்து கிளம்பி வந்து, சொட்டுத் தண்ணீர் விழாத வானத்தின் கீழ் உட்கார்ந்து தினமும் மழை அறிக்கை வாசிக்கிறேன்.

மலேசியாவிலிருந்து இதைப் படிக்கிற உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்: தமிழ் பேசுகிற ஊருக்குத்தானே போயிருக்கிறாய், அதில் என்ன பெரிய புலம்பெயர்வு? நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். என் கணவர் முரளி கோலாலம்பூரில் வேலை பார்த்தவர். ஆரணியில் அவர்கள் குடும்பத்து ரைஸ் மில்லை அவர் எடுத்து நடத்த வேண்டிவந்தது. நானும் உடன் வந்தேன். முதல் நாள் காலையில் எதிர்வீட்டு அம்மா, "இன்னாம்மா, நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. மரியாதைக்காக, "நீங்க பசியாறிட்டீங்களா?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் இட்லியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் என் நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஒரே பேஜாரா கீது அண்ணி" என்றார். மலாயில் அலுவலகத்துக்கு 'பெஜாபாட்' என்று பெயர். ஏதோ அலுவலகச் சிக்கல் என்று நினைத்து, "எந்த ஆபீஸ்ல?" என்று அக்கறையாகக் கேட்டேன். அவருடைய பேஜார் அந்த நிமிடமே தீர்ந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது சலித்துக்கொண்டால், மற்றவர்கள் கோரஸாக "எந்த ஆபீஸ்ல?" என்கிறார்கள்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலைத்தளம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அஸ்திவாரத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பதற்காக ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டகத்தை வெப் ஃப்ரேம்வொர்க் என்பார்கள். எங்களுடையது ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். பொறுப்பாளர்களில் ஒருவர் யோனாஸ். நான் அந்தச் சட்டகத்தின் பக்கமே போவதில்லை. அதை வளர்க்கிற மனிதர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் வேலை செய்வதற்குக் கருவிகள் செய்து தருகிறேன். இதில் இறங்கக் காரணம் பெட்ரோ என்ற பிரேசில்காரர். நான் ஈப்போவில் இருந்தபோது நடந்தது இது. எங்கள் கையேட்டை அவர் மூன்று வாரம் உட்கார்ந்து போர்ச்சுகீசிய மொழியில் எழுதினார். அதே பக்கங்களை வேறொருவரும் எழுதிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. அந்த இன்னொருவர் தன்னுடையதை ஏற்றியதும் பெட்ரோவின் வரிகள் எல்லாம் அழிந்துபோயின. "எல்லாரும் நன்றாக இருங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அவர் போய்விட்டார். அதைப் படித்தபோது நான் ஒரு காப்பிக்கடையில் இருந்தேன். முன்பின் பார்த்திராத ஒரு மனிதருக்காக அன்று என் காப்பி ஆறிப்போனது.

அப்போது தொடங்கியதுதான் இந்த எழுதுபலகை. ஒரே பக்கத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுதலாம். ஒவ்வொருவருடைய கர்சரும் ஒவ்வொரு நிறத்தில் நகர்வது தெரியும். 'இந்தப் பக்கம் என்னிடம் இருக்கிறது' என்று சொல்ல ஒரு பொத்தான் உண்டு. பாதியை ஈப்போவில் எழுதினேன், மீதியை ஆரணியில், தறிச் சத்தத்துக்கு நடுவே. இரண்டு மாதம் சோதனைக்கு விட்டிருந்தேன். ஏழெட்டுப் பேர்தான் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் யோனாஸ் மென்மையாகச் சொன்னார்: "ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டுப் பயன்படுத்திப் பார்ப்போம். சரியாக வந்தால் அடுத்த வெளியீட்டில் சேர்ப்போம். இல்லையென்றால் கொஞ்ச காலம் ஓரமாக வைத்துவிடலாம்." ஓரமாக வைத்தது எதுவும் திரும்பி வந்ததில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நாள் காலை ஒன்பது மணிக்கு மழை நின்றது. அதாவது, தறிகள் நின்றன. திடீரென்று வந்த அமைதியில் காக்கைச் சத்தம் கேட்டது. மில்லிலிருந்து முரளி வேகமாக வந்தார்.

"இன்னைக்கு ஷட்டவுனாம் தேவி. பேப்பர்ல போட்டு இருந்தாங்க. சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தான் கரண்ட் வரும்."

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"மில்லுக்கு ஆளுங்கள வரவேணாம்னு சொல்ல ஞாபகம் வந்துச்சி. உன் மீட்டிங் சுத்தமா மறந்து பூட்டேன்." கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு அவரே, "சுமதி அக்கா கடையில ஜெனரேட்டர் ஓடும். முகூர்த்த சீசன். கெளம்பு, ஜல்தி!" என்றார்.

சுமதி அக்காவின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜெராக்ஸ், டி.டி.பி., கல்யாணப் பத்திரிகை எல்லாம் உண்டு. நாற்பத்தைந்து வயதிருக்கும். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். திரையைப் பார்த்தபடியே வாடிக்கையாளரோடு சண்டை போடுவார். விரல்கள் பாட்டுக்கு ஒரு பிழையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் பத்திரிகைக் கட்டுகளை நகர்த்தி, ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தார். "உக்காருங்க. நெட்டு நல்லா கீது. சத்தம்தான் பொறுத்துக்கணும்" என்றார். ஜெனரேட்டர் வாசலில் அதிர்ந்துகொண்டிருந்தது. மதியம் ஒன்றரைக்குக் கூட்டத்தில் நுழைந்தேன். "அடடா, இன்று இடியும் சேர்ந்துகொண்டதா?" என்றார் யோனாஸ்.

முப்பது முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. நான் பேசத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பெரியவர் வந்து என் கையில் ஆதார் அட்டையைத் திணித்து, "முன்னாடி பின்னாடி ரெண்டு காப்பி" என்றார். சுமதி அக்கா ஒரு பத்திரிகைக் குடும்பத்தோடு மாமா பெயரா சித்தப்பா பெயரா எது முதலில் என்பதில் சிக்கியிருந்தார். மறுக்கத் தெரியாமல் நானே மெஷினைத் திறந்து அட்டையை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். பச்சை வெளிச்சம் என் முகத்தின் மேல் ஊர்ந்து போனது. "தேவி, உங்களை ஏதோ ஸ்கேன் செய்கிறார்கள்" என்றார் யாரோ கவலையாக.

ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு பேர் சேர்ந்து ஒரே பக்கத்தில் எழுத வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. ஜெர்மன், துருக்கி, தாய்லாந்து என்று எல்லாருக்கும் ஜோடி இருந்தது. தமிழுக்கு நான் மட்டும். யோனாஸ் அதைப் பார்த்து, "தமிழை விட்டுவிடுவோமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. திரும்பி, "அக்கா, ஒரு பத்து நிமிஷம் எனக்கு டைப் பண்ணித் தர்றீங்களா?" என்றேன்.

"எதுக்கு?"

சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "இதுல நமக்கு இன்னா கெடைக்கும்?" என்றார்.

"ஒண்ணும் கிடைக்காதுக்கா. பேர் மட்டும் வரும்."

"பேர் வருமா? அப்ப ஸ்பெல்லிங் நானே பாத்துக்கறேன்" என்று கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். பத்திரிகைக் குடும்பம் முணுமுணுத்தது. "இருங்கண்ணா, ஃபாரின்ல எல்லாரும் வெயிட் பண்ணிகினு கீறாங்க. மாமா எங்க பூடப் போறாரு?" என்று அவர்களை பெஞ்சில் உட்காரவைத்தார். அவர்களும் எழுந்து வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

சுமதி அக்கா தன் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தப் பொத்தான். ஆங்கிலத்தில் அது 'கிளெய்ம்'. நான் 'உரிமை கோரு' என்று மொழிபெயர்த்து வைத்திருந்தேன். அகராதியில் அப்படித்தான் இருந்தது.

"இன்னாங்க இது, பட்டா தகராறுல நோட்டீஸ் ஒட்ன மாதிரி கீது?"

"வேற எப்படி சொல்றது?"

"நாம எப்படிச் சொல்லுவோம்? ஒரு வேலைய எடுத்துக்கினா, 'நான் பார்த்துக்கறேன்'னு சொல்லுவோம். அவ்ளோதான்." நான் தலையாட்டும் முன்பே மாற்றிவிட்டார்.

பிறகு நாங்கள் இருவரும் ஒரே பத்தியில் எழுத ஆரம்பித்தோம். அவர் கர்சர் மஞ்சள், என்னுடையது நீலம். அவர் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. அவர் எழுதிய 'கொடு' என்ற சொல்லுக்கு அருகில் நான் ஒரு இடைவெளி விட்டேன். சொல் உடைந்தது. 'க' ஒரு இடத்தில் அநாதையாக நின்றது. அதன் கொம்பும் காலும் தள்ளிப் போய், நடுவில் எழுத்தே இல்லாமல் ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"ஐயோ, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கீது! எழுத்து எங்கங்க?" என்று சுமதி அக்கா கத்தினார்.

அடுத்த வரியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பத்தி முழுக்கப் புள்ளி வட்டங்கள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. கணினிக்கு 'கொ' என்பது ஓர் எழுத்தல்ல. ககரம் ஒன்று, அதன் குறி ஒன்று, ஆக இரண்டு துண்டு. என் கருவி அந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொருவரை நுழையவிட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் இது நடக்க வழியே இல்லை. இதைச் செய்த இரண்டு வருடமும் நான் ஆங்கிலத்தில் மட்டுமே சோதித்திருக்கிறேன். தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்தவள், அந்தப் பலகையில் தமிழில் ஒரு வரிகூட அடித்துப் பார்க்கவில்லை. முப்பது பேர் பார்க்க, காது சுட்டது. 'ஓரமாக' என்ற சொல் என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் தாய்லாந்திலிருந்து ஒரு பெண் கூவினார். பெயர் மாலி. "எனக்கும்! எனக்கும் இதே! இரண்டு மாதமாக எழுத்துக்கு மேலே இருக்கும் குறிகள் பறந்து பறந்து போகின்றன. என் கம்ப்யூட்டர் பழசு என்று நினைத்துக் கேட்காமல் இருந்தேன்!"

"மாலியா? நம்ம ஊர்ப் பேராட்டம் கீது" என்றார் சுமதி அக்கா. திரையை நோக்கிக் கையை ஆட்டி, "கவலப்படாதம்மா, இங்கயும் அதே கதைதான்" என்று தமிழிலேயே ஆறுதல் சொன்னார். மாலி என்ன புரிந்துகொண்டாரோ, இரண்டு கையையும் கூப்பினார்.

யோனாஸ் மூக்கு திரையில் முட்டுமளவுக்கு நெருங்கி வந்தார். "தேவி, இது எத்தனை மொழிகளுக்கு வரும்?" குறிகள் ஒட்டுகிற எல்லா மொழிக்கும் வரும் என்றேன். "இன்று பார்க்காவிட்டால் நமக்குத் தெரிந்தே இருக்காது, இல்லையா?" என்றவர் ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அதன் பிறகு நடந்ததை எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. துருக்கிக்காரர் ஒரு வழி சொன்னார், மாலி அது தப்பென்றார், நான் எழுதினேன், யோனாஸ் திருத்தினார். எழுத்தையும் அதோடு ஒட்டிய குறிகளையும் ஒரே பொட்டலமாகக் கட்ட வேண்டும். நடுவில் யார் கர்சரும் நுழையக் கூடாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் சுமதி அக்கா வாயில் நுழையாத தமிழ்ச் சொற்களை அடித்துத் தள்ளினார்; நான் நடுவில் புகுந்து உடைக்கப் பார்த்தேன். "உடைங்க, உடைங்க!" என்று பின்னாலிருந்து மணப்பெண்ணின் மாமா உற்சாகப்படுத்தினார். தன் பெயர் பத்திரிகையில் எங்கே வருகிறது என்பதை அவர் மறந்தே போயிருந்தார். மூன்று மணி வாக்கில் 'கொ' உடையவில்லை. 'கௌ'வும் உடையவில்லை. தாய்லாந்து மொழிக் குறிகள் எழுத்தின் தலையைவிட்டு நகரவில்லை. ஜெராக்ஸ் கடையில் கைதட்டல் எழுந்தது. வந்தவாசி பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பேர் என்னவென்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். யோனாஸ், "சேர்க்கிறோம்" என்று ஒரே சொல் சொன்னார். நான் ஸ்டூலிலிருந்து எழுந்து சுமதி அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "அட, வுடுங்க, பத்திரிகைக்காரங்க பாக்கறாங்க" என்று நெளிந்தாலும் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

கூட்டம் முடிவதற்கு முன் யோனாஸ் அந்தப் பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். 'என் பொறுப்பு, நீங்கள் நிம்மதியாகப் போங்கள்' என்பது போல ஒரு அர்த்தம் என்றேன். குறித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஆங்கிலப் பொத்தானிலிருந்து 'கிளெய்ம்' போய்விட்டது. 'ஐ வில் லுக் ஆஃப்டர் இட்' என்று இருக்கிறது. சுமதி அக்காவிடம் சொன்னபோது, "பின்ன?" என்றார்.

பெட்ரோவுக்கும் எழுதினேன். இனி யார் வரியும் அழியாது, வாருங்கள் என்று. அன்பாகப் பதில் வந்தது. இப்போது மாலைகளில் மகளோடு கால்பந்து விளையாடுகிறாராம்; அதை விட்டுவிட்டு வருவதாக இல்லை என்றார். எனக்கு அதிலும் ஒரு சந்தோஷம்.

போன மாதம் வெளியீடு வந்தது. அதோடு சேர்த்து, பங்களித்தவர்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லும் பக்கமும் ஒவ்வொரு மொழியிலும் வந்தது. ஊர்ப் பெயர் வரிசையில், அந்தந்த மொழியின் அகரவரிசைப்படி. கடையில் அன்று திருத்தங்களைச் சோதிக்க வேறு கம்ப்யூட்டரிலும் நான் நுழைய வேண்டியிருந்ததால், அவசரத்தில் புதிதாக ஒரு கணக்கு தொடங்கி ஊரை ஆரணி என்று கொடுத்திருக்கிறேன். என் பழைய கணக்கில் ஊர் ஈப்போ. ஆகவே அந்தப் பக்கத்தில் இரண்டு தேவிகள். யோனாஸ் கவனித்துவிட்டு எழுதினார்: "இருவரும் நீங்கள்தானே? எதை எடுத்துவிடட்டும்?" பதில் எழுத உட்கார்ந்து தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். ஆரணி, சுமதி. அதற்குக் கீழே ஆரணி, தேவி. அடுத்து ஈப்போ, தேவி வந்திருக்க வேண்டும். ஆனால் ஆவன்னாவுக்கும் ஈயன்னாவுக்கும் நடுவில் ஓர் எழுத்து இருக்கிறதல்லவா, அந்த இடத்தில் இஸ்தான்புல்லிலிருந்து அந்தத் துருக்கிக்காரர் உட்கார்ந்திருக்கிறார், தன் இரண்டு பக்கமும் என்னை வைத்துக்கொண்டு.