கங்காதரன் சொல்லாமல் விட்டது

திருத்தணியில் முடி இறக்குபவர்களில் கங்காதரனின் கைக்குத் தனி மதிப்பு இருந்தது. அவர் கத்தியின் கீழ் குழந்தைகள் அழுவது குறைவு. ஆனால் அவரிடம் வருகிறவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வேண்டிக்கொண்டது யார், எதற்காக, முழு மொட்டையா, மூன்று கொத்து மட்டும் எடுக்கும் பூமுடியா என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தலையில் தண்ணீர் தெளிப்பார்.

"உனக்கு எதுக்குய்யா அந்தக் கதை? சீக்கிரம் எடு, பஸ் போயிடும்" என்று யாராவது எரிந்து விழுவார்கள்.

"தப்பா எடுத்துட்டா திரும்ப ஒட்ட வெக்க முடியாதுங்க" என்பார் கங்காதரன்.

1942-இல் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது அவரும் சேர்ந்தார். சிப்பாயாக அல்ல. சமையல் செய்பவர், துணி வெளுப்பவர், சவரம் செய்பவர் ஆகியோருக்குப் பட்டாளத்தில் வேறு பட்டியல் இருந்தது. துப்பாக்கி கிடையாது, சம்பளமும் குறைவு; தண்டனைச் சட்டம் மட்டும் சிப்பாய்க்கு உள்ள அதே சட்டம். அஸ்ஸாம் மலையில் சாலை போடும் பட்டாளக் கம்பெனி ஒன்றில் அவரைப் போட்டார்கள். அங்கே ஊர்ப்பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஆர்.கே.பேட்டைக்காரர் பரசுராமன், மண் வெட்டிப் பாறை உடைக்கும் சிப்பாய். இன்னொருவர் திருத்தணி மெஹபூப் பாஷா, லாரி ஓட்டினார். இங்கிலீஷும் இந்துஸ்தானியும் தெரிந்தவர் என்பதால் அதிகாரிகளுக்கும் தமிழ் ஆட்களுக்கும் நடுவே மொழிபெயர்க்க அவரையே கூப்பிடுவார்கள்.

1943 கடைசியில் பரசுராமனின் மகளுக்கு அம்மை போட்டிருப்பதாக ஊரிலிருந்து கடிதம் வந்தது. பிள்ளை பிழைத்தால் தலைமுடியை வளர்த்துத் தணிகை மலையில் இறக்குவதாக அவர் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. லீவுக்கு எழுதிப் போட்டார். இரண்டு முறை கிடைத்தது. இரண்டு முறையும், சண்டை நெருங்குகிறது என்று ரத்து செய்தார்கள். முடி கழுத்தைத் தொட்டது.

அடுத்த ஆண்டு மே மாதம் முகாமில் பேனும் காய்ச்சலும் பரவின. எல்லோரும் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. பரசுராமன் மட்டும் கங்காதரன் முன்னால் வந்து உட்காரவில்லை.

"சர்தாருங்க தலையில கை வெக்கறதில்லியே. என் தலையில மட்டும் இன்னாத்துக்கு?" என்று ஹவில்தாரிடம் கேட்டார்.

"அது அவங்க மதம்."

"அப்ப இது இன்னா, நான் ஷோக்குக்கு வளத்துகினு இருக்கறதா?"

மூன்று முறை உத்தரவு கொடுத்தார்கள். மூன்று முறையும் மறுத்தார். ஜூன் மாதம் ஒரு கூடாரத்தில் கோர்ட் மார்ஷல் நடந்தது. கம்பெனியின் மேஜரே குற்றம் சாட்டுபவர், மேஜரே நீதிபதி. வக்கீல் இல்லை, மேல்முறையீடும் இல்லை. சாட்சி உண்டா என்று கேட்டபோது பரசுராமன் சற்றும் தயங்காமல், "கங்காதரனைக் கூப்பிடுங்க. மலையில முடி எடுக்கறவன். அவன் சொல்லட்டும்" என்றார்.

கூடாரத்துக்கு வெளியே ஹவில்தார் கங்காதரனை நிறுத்தினார். "கேட்டதுக்கு மட்டும் பதில். கதை அளந்தே, நீயும் உள்ள போவே."

மேஜர் கேட்டதை மெஹபூப் பாஷா தமிழில் சொன்னார். "வேண்டிக்கினவங்க முடிய அந்த மலையிலதான் எடுக்கணுமா? வேற எடத்துல எடுத்தா ஆவாதா?"

கங்காதரன் யோசித்தார். தன் தொழிலைப் பற்றி ஒரு துரை தன்னிடம் கேட்டது அதுவே முதல் தடவை. பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். "வர முடியாதவங்க இருக்கற எடத்துலயே எடுத்து யார்கிட்டயாவது குடுத்து அனுப்புவாங்க. நாங்களே வாங்கிப் போட்டிருக்கோம். அது செல்லும்."

மெஹபூப் பாஷா இங்கிலீஷில் சொன்னார். மேஜர் எழுதிக்கொண்டார். "போகலாம்" என்றார்.

இன்னும் ஒரு பாதி இருந்தது. வேண்டிக்கொண்டவன் தானாக மனம் ஒப்பிக் கொடுத்தால்தான் அந்த முடி செல்லும். அடுத்தவன் வற்புறுத்தி எடுத்தால் அது வெறும் மயிர். வேண்டுதல் அப்படியே நிற்கும், மறுபடி வளர்த்துத்தான் இறக்க வேண்டும். கங்காதரனின் குடும்பத்தில் தலைமுறையாக இதுதான் வழக்கம். அதை மேஜர் கேட்கவில்லை. கங்காதரன் சொல்லவில்லை. சலாம் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

மதச் சம்பந்தமான தடை ஏதும் இல்லை என்பதை குற்றம் சாட்டப்பட்டவரின் சாட்சியே ஒப்புக்கொண்டதாகத் தீர்ப்பில் எழுதினார்கள். ஒரு வருஷம் கடுங்காவல், பட்டாளத்திலிருந்து நீக்கம். கைதியின் தலைமுடியை வெட்டும் வேலையும் அன்றே கங்காதரனுக்கு வந்தது. பக்கத்தில் காவலாள் நின்றிருந்தான்.

"தயங்காம எடு கங்கா" என்றார் பரசுராமன். "நான்தான் ஒண்ணும் தெரியாம முரண்டு புடிச்சிட்டேன். நீ ஊருக்குப் போறப்போ எடுத்துகினு போய் மலையில போட்டுடு. செல்லும்னு நீயே சொல்லிட்டியே."

கங்காதரன், "ஆங்" என்றார். அந்தச் சொல்லை அவர் பிறகு பல வருஷம் நினைத்து நொந்தார். கூடாரத்திலாவது ஹவில்தாருக்குப் பயந்தோம், இங்கே யாருக்குப் பயந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

1946 மே மாதம் அவர் ஊர் திரும்பினார். துணியில் முடிந்து வைத்திருந்த முடியை மறுநாளே மலையில் சேர்த்தார். பரசுராமன் ஒரு வருஷம் முன்பே விடுதலையாகி வந்து கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கு என்று அரசாங்கம் சில வேலைகளை ஒதுக்கியிருந்தது. அவர் கேட்கப் போன இடங்களில் எல்லாம் நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். நீக்கப்பட்டவனுக்கு அந்தச் சான்று கிடையாது.

கங்காதரன் மெஹபூப் பாஷாவைத் தேடிப் போனார். அவர் ஸ்டேஷன் எதிரில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவரிடம் அந்த இன்னொரு பாதியைச் சொன்னார். பாஷா சைக்கிள் செயினைக் கீழே வைத்தார்.

"அங்கயே சொல்லியிருந்தா நான் இங்கிலீஷ்ல சொல்லியிருப்பேனே, கங்காதரன்."

"கேக்கலியே, பாய்."

ஆகஸ்டில் பாஷா எழுதிய மனு டில்லியில் உள்ள பட்டாளத் தலைமையகத்துக்குப் போயிற்று. பரசுராமன் கையெழுத்துப் போட்டார். மனு இங்கிலீஷில் இருந்தது; தண்டனையைத் திரும்பப் பார்க்கச் சொல்லி எழுதியிருப்பதாக மட்டும் அவரிடம் சொன்னார்கள். மனுவில் இருந்த அந்த இன்னொரு பாதியைக் கங்காதரன் தானே பரசுராமனிடம் சொல்வதாகப் பாஷாவிடம் ஒப்புக்கொண்டிருந்தார். முதலில் அரசாங்கம் எழுதிக்கொள்ளட்டும், நீக்கம் ரத்தாகட்டும், அந்தக் காகிதத்தோடு போய்ச் சொல்லலாம் என்று வைத்திருந்தார். வெறுங்கையோடு போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்டிரேட் முன்னால் சத்தியம் செய்து அனுப்ப வேண்டுமாம். மாஜிஸ்டிரேட் ஒரு வாரம் வெளியூர் முகாம் போயிருந்தார். மறு வாரம் மாற்றலாகிப் போனார். புதியவர் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. வந்தவர், இது தன் வேலைதானா என்று அப்போதைய ஜில்லாத் தலைநகரான சித்தூருக்கு எழுதிக் கேட்டார். கங்காதரன் வேலையை விட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்கள் பதினொன்று. 1947 ஜூலையில்தான் அவர் சொன்னதை எழுதி முத்திரை போட்டார்கள். அடுத்த மாதம் நாட்டின் அரசாங்கமே மாறியது.

1948 மார்ச் மாதம் ஒரு பிற்பகலில் பதில் வந்த செய்தி கேட்டுப் பரசுராமனும் அவர் மனைவி மணியம்மையும் சைக்கிள் கடைக்கு வந்தார்கள். கங்காதரன் ஏற்கனவே அங்கே இருந்தார். மெஹபூப் பாஷா நின்றுகொண்டே படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"விசாரணைக் காகிதங்கள மூணு வருஷம்தான் வெச்சிருப்பாங்களாம். போன ஜூன் மாசத்தோட கெடு முடிஞ்சு அழிச்சிட்டாங்களாம். காகிதம் இல்லாததால தீர்ப்பத் திரும்பப் பாக்க வழியில்லையாம்."

"அப்ப தண்டனையும் அழிஞ்சுதா?" என்றார் மணியம்மை.

"இல்லம்மா. நீக்கினது வேற ரிஜிஸ்டர்ல இருக்குதாம். அது நிக்கும்."

"நல்ல ரிஜிஸ்டர்" என்றார் மணியம்மை.

பாஷா அடுத்த வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டுக் கங்காதரனைப் பார்த்தார். கங்காதரன், படிக்கும்படி தலையசைத்தார்.

"வற்புறுத்தி எடுத்த முடி செல்லாதுன்னு சாட்சி இப்போ சொல்றாரு. விசாரணையப்பவே அது தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லலன்னு அவர் விளக்கலன்னு எழுதியிருக்காங்க."

பரசுராமன் மெதுவாகத் திரும்பினார். "இது இன்னா கங்கா?"

கங்காதரன் சொன்னார். இந்த முறை ஒவ்வொன்றாகக் கேட்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வழக்கம் என்ன, கூடாரத்தில் எதுவரை சொன்னார், எதை விட்டார், வெட்டும்போது ஏன் வாய் திறக்கவில்லை என்று தனக்கே தெரியவில்லை என்பதுவரை எல்லாம் சொன்னார்.

"அப்போ நான் செஞ்சது சரிதானா?"

"சரிதான்."

"நாலு வருஷமா நான் ஒரு மடையன்னு நெனச்சுகினு இருந்தேன். செல்லுற விஷயத்துக்கு முரண்டு புடிச்சு ஜெயிலுக்குப் போன மடையன்னு. இவகிட்ட கூட அப்படித்தான் சொன்னேன். நீ வந்து ரெண்டு வருஷம் ஆவுது. மாஜிஸ்டிரேட்டுகிட்ட சொல்லியிருக்கே, டில்லிக்குச் சொல்லியிருக்கே. ஆர்.கே.பேட்டைக்கு பஸ் ஓடலியா?"



"வேண்டுதல்?" என்று கேட்டார் மணியம்மை.

"அது நிக்குதும்மா. மறுபடி வளத்துத்தான் இறக்கணும்."

அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். பரசுராமன் கடிதத்தைக் கேட்டு வாங்கவில்லை. இருவரும் சாலைக்கு இறங்கினார்கள். சில அடி போன பிறகு மணியம்மை மட்டும் திரும்பி வந்தார்.

"முடி வளர ஒரு வருஷம் ஆவும். அப்போ மலைக்கு வருவோம். தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க எடுக்க வேணாம். வேற ஆள் எடுக்கட்டும்."

அவர் சொன்னது நியாயம் என்றே கங்காதரனுக்குப் பட்டது. அடுத்த ஆண்டு எந்த நாளில் அவர்கள் வந்து போனார்கள் என்று அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை.