வெயில் ஏறினால் வரும் வாசம்

திண்டுக்கல்லில் யாரும் தன் மூக்கை நம்புவதில்லை. காற்று ஒரு பக்கம் திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப் வாடை, இன்னொரு பக்கம் திரும்பினால் புகையிலை, விடிகாலையில் பூ மார்க்கெட்டைக் கடந்தால் மூச்சு முட்ட மல்லிகை. எல்லாம் பழகி, கடைசியில் எதுவும் தெரியாது. அதனால்தான் என் காருக்குள் பெட்ரோல் வாசம் அடிக்கிறது என்று நான் சொன்னபோது, எல்லோரும் காரை விட்டுவிட்டு என் மூக்கைச் சந்தேகப்பட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. வாழப்போன வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்து, அப்பா வீட்டில், அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன். அய்யலூர் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலை. அப்பா கண்ணை மூடுவதற்கு முந்தின வாரம், தன் பழைய காரின் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். பேச்சு நின்றுபோயிருந்த மனிதர். அந்த மடக்கலைத்தான் நான் உயில் என்று எடுத்துக்கொண்டேன். அண்ணன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ரோட்டில் ஓடும்போதுதான் வார்த்தைகள் வரும். சிறுமலை ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே வர, ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, வாய்க்குள் ஒரு வரியை உருட்டிக்கொண்டே போவேன். பஸ்ஸில் போனால் பக்கத்து சீட்டு அம்மா, ஏன் புருஷன் வீட்டை விட்டு வந்தாய் என்று கேட்பாள். கார் என்னிடம் ஒன்றும் கேட்காது.

அந்த வருஷ ஆயுத பூசையன்று அண்ணன் தன் பைக்குக்கும் கடைத் தராசுக்கும் சந்தனம் வைத்துவிட்டு, தட்டோடு என் கார் பக்கம் வந்தான். எங்கள் வீட்டில் வண்டிக்குப் பூசை போடுவது ஆம்பளைகள்தான். நான் தட்டை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிடுங்கினேன். முன் கண்ணாடி, ஸ்டீயரிங், நாலு கதவு, டிக்கி, பெட்ரோல் டேங்க் மூடி என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் குழைத்து அப்பினேன். அதோடு விட்டேனா? அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அதே இடங்களில், பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. அண்ணன் கடைக்குக் கிளம்புகிற நேரமாகப் பார்த்துத்தான் வைப்பேன்.

மாசி மாதம் வெயில் ஏறியதும் வாசம் ஆரம்பித்தது. காலையில் ஒன்றும் இருக்காது. மத்தியானம் பள்ளிக்கூடத்தில் கதவைத் திறந்தால் குப்பென்று முகத்தில் அடிக்கும். சாயங்காலம் அதே வாசத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவேன். கார் நிற்பது அடுப்படி ஜன்னலை ஒட்டின சந்தில். உள்ளே கேஸ் அடுப்பு, தரையில் தவழ்கிற அண்ணன் பிள்ளை. அண்ணன் பயந்ததில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

“பொம்பள கார் சோக்க இழுத்து இழுத்து விட்டா பெட்ரோல் வாசம் வராம பன்னீர் வாசமா வரும்?” என்றான் முதலில். பிறகு ஒரு திங்கட்கிழமை, சோற்றைப் பிசைந்துகொண்டே முடிவைச் சொன்னான். “ஞாயித்துக்கெழம பழனியிலருந்து வண்டி வாங்க ஆளு வாரான். அதுக்குள்ள வாசம் போகணும். இல்லைன்னா வண்டி போகணும். பிள்ள இருக்கிற வீடும்மா.”

வெஞ்சனக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

பேகம்பூரில் அப்பாவின் காலத்திலிருந்து வண்டி பார்க்கிற மெக்கானிக் பாய் இருந்தார். செவ்வாய்க்கிழமை காலை அவர் ஷெட்டில் விட்டேன். கார்புரேட்டரைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், ரப்பர் டியூப்களை விரலால் நீவி முகர்ந்தார். ஒன்றும் இல்லை என்றார். எப்படி இருக்கும்? காலை நேரம், வேப்ப மர நிழல், பின்சுவருக்கு அந்தப்புறம் தோல் ஷாப். அந்தக் காற்றில் பெட்ரோல் ஊற்றிக் குளித்தாலும் தெரியாது. இதைச் சொன்னதும் பாய் சிரித்துவிட்டார். “வாஸ்தவம்மா. என் மூக்கு செத்து இருவது வருசமாச்சு. நீங்கதான் கண்டுபிடிக்கணும்.”

கேலியாகச் சொன்னாரோ என்னவோ, நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். மூக்கை விடு, கண்ணால் பார்ப்போம். வகுப்பில் மிஞ்சின சாக்பீஸ் துண்டுகளைப் பொடித்து, புதன்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்தில் காரை நிறுத்தி, பெட்ரோல் போகிற வழியெல்லாம் வெள்ளையாகப் பூசினேன். எங்கே கசிகிறதோ அங்கே பொடி நனையும். ஹெட்மாஸ்டர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, டீச்சர் காருக்குக் கோலம் போடுறாங்க என்று யாரிடமோ சொன்னது என் காதிலும் விழுந்தது. விழட்டும்.

மத்தியானம் போய்ப் பார்த்தேன். முன்பக்கம் எல்லாம் பூசின மாதிரியே வெள்ளை. டிக்கி விரிப்பைத் தூக்கினால், டேங்கின் மேல் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளுக்கான தகட்டைச் சுற்றி, பொடி ஈரமாக, பழுப்பாக, ஒரு வளையம்.

பாயிடம் ஓடினேன். தகட்டுக்கு அடியில் புது ரப்பர் வாசர் போட்டுக் கொடுத்தார். வெற்றி என்று வீடு வரைக்கும் பாடிக்கொண்டு போனேன். வியாழக்கிழமை மத்தியானம் மறுபடியும் அதே வாசம். அதே வளையம்.

மைதானத்தின் நடுவில், உச்சி வெயிலில், அந்தக் காரின் மேல் சாய்ந்துகொண்டு நின்றேன். தகட்டுச் சூடு முதுகைச் சுட்டது. அப்பாவின் கையைப் போல இருந்தது என்று எழுதலாம். பொய். இரும்பு இரும்பாகத்தான் சுட்டது. புது வாசரையும் மீறி வருகிறது என்றால், உள்ளேயிருந்து எதுவோ தள்ளுகிறது. தள்ளுகிறது என்றால், போக வேறு வழியில்லாமல் தள்ளுகிறது. இந்த வீட்டிலிருந்து போக வழியில்லாமல் நான் முட்டிக்கொண்டு நிற்பதைப் போலவா என்று ஒரு வரி வந்தது. அந்த வரியைத் துரத்திவிட்டு டேங்க் மூடியைத் திருகினேன். அதுவரை அதை நான் திறந்ததே இல்லை. பங்க்கில் அவர்களே திறந்து மூடுவார்கள்.

புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. முகமெல்லாம் பெட்ரோல் ஆவி.

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் ஒரு ஊசித் துளை. மறுபக்கம் துளை இல்லை. அந்த இடத்தில் சந்தனம், குங்குமம், அதன் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம், சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிக் கிடந்தது. முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டினேன். செதில் செதிலாக வந்தது. ஒவ்வொரு செதிலும் ஒரு வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் வீம்பு.

மறுநாள் காலை பாயிடம் மூடியைக் காட்டினேன். வெயிலில் நின்றால் பெட்ரோல் ஆவியாகும், வெளியே போக இந்த ஓட்டைதான், இது அடைபட்டால் கிடைத்த சந்தில் எல்லாம் பிதுங்கிக்கொண்டு வரும் என்று விளக்கினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “பொட்டு வச்சது தப்பில்லம்மா. வண்டி மூச்சு விடுற எடத்துல வச்சுட்டீங்க. அண்ணன்ட்ட நா வாசர் போச்சுன்னு சொல்லிர்றேன். இது நமக்குள்ள இருக்கட்டும்.”

நல்ல மனசுதான். வழி முழுக்க அந்தப் பொய்யை வாயில் வைத்துப் பார்த்தேன். சர்க்கரையாகத்தான் இருந்தது. ஆனால் வாசருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஓட்டுகிற கார் எப்படி என் காராகும்?

ஞாயிற்றுக்கிழமை பழனிக்காரர் வந்தார். காரைச் சுற்றி வந்தார், டிக்கிக்குள் தலையை விட்டார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. “ஏனுங்க, பெட்ரோல் வாசம் அடிக்குதுன்னு சொன்னீங்க. ஒண்ணையும் காணமே?” என்றார் அண்ணனிடம்.

அண்ணன் என்னைப் பார்த்தான். மதினி பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஜன்னலில் நின்றாள்.

“டேங்க் மூடில ஓட்ட அடைச்சிருந்துச்சு. நா வச்ச சந்தனம்” என்றேன்.

“அப்ப ஒன்னாலதான்.” அண்ணன் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. “நீ பூச போட்டதாலதான் இம்புட்டும்.”

“ஆமாண்ணே. நாந்தான் அடைச்சேன். நீங்க அம்புட்டு பேரும் தேடாதத நாந்தான் தேடி எடுத்தேன். வாசம் போயிருச்சு. வண்டி போகாது. நீ சொன்ன கணக்குத்தான்.”

பழனிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். மோராவது சாப்பிட்டுப் போங்க என்றாள் மதினி ஜன்னலிலிருந்து. அண்ணன் டிக்கியை அறைந்து மூடினான். பிறகு, காரை அடுப்படி ஜன்னலிலிருந்து தள்ளி வாசல் வேப்ப மரத்தடியில் விடச் சொன்னான். அதற்குச் சம்மதித்தேன். அது பிள்ளைக்காக.

அடுத்த வெள்ளிக்கிழமை, அவன் கடைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து, சந்தனக் கிண்ணத்தோடு வெளியே வந்தேன். கண்ணாடி, ஸ்டீயரிங், நாலு கதவு, டிக்கி. பிறகு டேங்க் மூடி. துளைக்கு ஒரு விரற்கடை தள்ளி, பெரிதாகவே ஒன்று வைத்தேன்.