வேனில் ஒரு காலி இருக்கை

அமீரகத்தின் அல் ஐன் நகரில் ஒரு ஃபிளாட் ஹாலில் ஞாயிறுதோறும் பூஜை நடக்கும். தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வரும் மெலிந்த மனிதர் ஒருவர், தன் பெயருக்கும் இன்னொரு பெயருக்கும் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்யச் சொல்வார். விபூதியும் இரண்டு பொட்டலம் மடித்துக்கொள்வார்.

ஒருநாள் பூஜை முடிந்து திரும்பும் வேனில் அவர் பக்கத்தில் உட்காரப் போனேன்.

“ஆள் இருக்கு சார்” என்றார். இருக்கையில் யாருமில்லை. அதை விட்டு அதற்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்தேன்.

“ரூம்ல என்கூட இருந்த பய. சைட்ல விழுந்து செத்துட்டான். பேப்பர் முடியல, பாடி இன்னும் இங்கதான் கிடக்கு.”

“செத்தவனுக்கா அர்ச்சனை?”

“ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அவன் எங்க ரூம் ஆள்தான் சார்.”

கேம்ப் வந்ததும் எழுந்து, காலி இருக்கையைப் பார்த்து, “யல்லா, எறங்குடா” என்றார்.

வழிவிட மடக்கிய கால்களை, அவர் இறங்கிய பிறகும் நான் நீட்டவில்லை. பாகிஸ்தானி பட்டான் டிரைவரும் சற்றுப் பொறுத்துத்தான் கதவைச் சாத்தினார்.