வீட்டுக்காரர்

விவாகரத்து வழக்கு நடந்த நாட்களில் நான் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

தாழ்வுபாடு என்ற மீனவ ஊரில் நாங்கள் இருந்த வீடு என் மனைவிக்குச் சீதனமாக வந்தது. என் படகுக்கு இஞ்சின் வாங்க அதை ஈடு வைத்தது நான்தான். நாங்கள் பிரிந்த பிறகு, வீட்டைச் சுற்றியிருந்த வளவில் ஒரு பாதியை விற்று வீட்டை மீட்க அவள் முயன்றாள். எங்கள் பகுதிச் சட்டமான தேசவழமைப்படி, தீர்ப்பு வரும்வரை அவளுடைய காணியை விற்க என் கையெழுத்தும் வேண்டும். காணி உறுதி எழுதும் நொத்தாரிசு கந்தோரில் பேனையை என்னிடம் நீட்டினார்கள்.

"எனக்கும் ஒரு பங்கு தந்தால் வைக்கிறன். வீட்டுக்காரன் நானெல்லே?" என்றேன்.

அவள் எழும்பிப் போனாள்.

அடுத்த மாதம் சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்தது. முகாமில் நிவாரண வரிசையில் நின்றேன். என்னிடம் அட்டை இல்லை. என் பெயர் அவளுடைய குடும்ப அட்டையில் இருந்தது. அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த கிராம அலுவலர், எங்கள் விதானையார், என்னை விலகி நிற்கச் சொன்னார். அப்போது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"விடுங்கோ ஐயா, இவர் என்ர வீட்டுக்காரர்தான். எங்கட அட்டையிலயே இவருக்கும் குடுங்கோ."

மாப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப கையெழுத்து வைக்கிறன்" என்றேன்.

"வளவுக்குள்ள பங்கர் வெட்டிப்போட்டாங்களாம். இனி ஆர் வாங்குவினம்?" என்றாள். குரலில் கோபமே இல்லை.

இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது. யாராவது படலையில் நின்று "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டால், உடனே எழும்பிப் போக எனக்குக் கால் வருவதில்லை.